ஷேரா கடையில் அம்பர்

இரண்டு டிராக்டர் கம்பெனிகளும் ஒன்றாகிவிட்டன, இனி அம்பர் என்ற பெயர் கிடையாது, எல்லா டிராக்டரும் ஷேராதான் என்று கடிதம் வந்த அன்று, பஞ்சாபில் பர்னாலா ஊரின் ஷேரா ஏஜெண்டு ஹர்கீரத் சிங் கடைத்தெரு முழுக்க ஜிலேபி கொடுத்தார். முதல் பொட்டலம் எதிர்க்கடைக்காரர், அம்பர் ஏஜெண்டு நச்சத்தர் சிங்குக்குப் போனது.

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை மறுநாள்தான் படித்தார். அம்பர் வைத்திருக்கும் குடும்பங்களில் பத்துப் பேருக்காவது ஏப்ரலில் வரும் பைசாகிப் பண்டிகைக்குள் ஷேரா விற்க வேண்டும். தவறினால் ஏஜென்சி பக்கத்து ஊரான சங்ரூரின் ஏஜெண்டுக்குப் போய்விடும்.

இரண்டு மாதம் அலைந்தும் ஒன்றுகூட விற்கவில்லை. பிப்ரவரியில் கம்பெனி அதிகாரி கோஸ்லா வந்து இறங்கினார்.

"உங்களுக்குப் பேசத் தெரியல. நான் பேசறேன் பாருங்க" என்று, மூன்று தலைமுறையாக அம்பர் ஓட்டும் பல்கார் சிங்கின் வீட்டுக்கு ஒரு புது ஷேராவை ஓட்டிவரச் சொன்னார்.

பல்கார் சிங் இருவருக்கும் பெரிய தம்ளரில் லஸ்ஸி கொடுத்துவிட்டு, சிவப்பு வண்டியின் பானெட்டைத் திறந்து பார்த்தார்.

"எஞ்சின் நம்ம அம்பர் எஞ்சின்தானே?"

"அதேதான் சர்தார்ஜி. பேரு மட்டும்தான் வேற."

"அப்ப அந்தப் பேரையே போட்டுக் குடுங்க."

"அந்தப் பேரு இனிமே இல்லைங்க."

"இல்லையா? கொஞ்சம் மாடிக்கு வாங்க பாபுஜி."

மாடியில் வீட்டின் தண்ணீர்த் தொட்டி நின்றது. தொட்டியே சிமெண்டில் கட்டிய ஒரு நீல டிராக்டர். முகப்பில் முழ உயர எழுத்தில் அம்பர். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலைப்பாகையோடு ஒரு சிமெண்ட் ஆள்.

"ஓட்டறது எங்கப்பா" என்றார் பல்கார் சிங்.

"சிவப்பு பெயிண்ட் எங்க செலவுலயே அடிச்சுத் தரோம்."

"பெயிண்டு நீங்க அடிச்சிருவீங்க. எங்கப்பாவை யாரு சம்மதிக்க வைக்கிறது?"

கோஸ்லா சுற்றிப் பார்த்தார். ஊர்க் கூரைகளில் விமானம், கால்பந்து, கழுகு என்று விதவிதமான தொட்டிகள்; நடுநடுவே நீல டிராக்டர்கள். பதினொன்று வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஹர்கீரத் சிங்குக்கு ஏஜென்சி கண்முன் சங்ரூர் பஸ் ஏறிப் போவது தெரிந்தது. இருபது வருடமாகத் திட்டாமல் சொன்னதில்லை அந்தப் பெயரை. இப்போது தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அம்பர்... நல்ல பேருங்க பாபுஜி. அழிச்சிராதீங்க. அதையும் என் கடைக்கே அனுப்புங்க, விக்கறேன்."

"நீயா?" என்றார் பல்கார் சிங். "கிசான் மேளாவுல அத்தனை விவசாயிங்க முன்னாடி மைக்கைப் பிடிச்சு அம்பரைத் தகர டப்பான்னு சொன்னவன் நீ. உன் கையால அம்பரை யாரு வாங்குவா?"

கோஸ்லா மாடியிலிருந்தே மேலிடத்துக்குப் போன் போட்டார். அரை மணி நேரப் பேச்சுக்குப் பிறகு, பெயர் இருக்கட்டும் என்றார்கள். ஆனால் அம்பர் ஆனாலும் பைசாகிக்குள் பத்து பத்துதான்.

மார்ச்சில் ஹர்கீரத் சிங்கின் கடைக்கு நடுச்சுவரும் இன்னொரு வாசலும் வந்தன. அம்பருக்கான அந்த நீல வாசலில் உட்கார நச்சத்தர் சிங்கைக் கெஞ்சிக் கூட்டிவந்தார். அவர் போட்டது ஒரே நிபந்தனை: "ஷேராவை நான் இஷ்டத்துக்குத் திட்டுவேன். நீ வாயைத் திறக்கக் கூடாது."

பைசாகிக்கு முந்தின நாள்வரை ஒன்பது அம்பர் போயிற்று. அன்று சாயங்காலம் பல்கார் சிங் நீல வாசலில் நுழைந்தார்.

"பக்கத்துக் கடைச் சிவப்பு வண்டி எப்படி நச்சத்தர்?"

"அதா சாச்சா? உழவுல முக்கும், மேட்டுல அழும். ஓனர் மாதிரியே."

சுவருக்கு அப்பால் ஹர்கீரத் சிங் தலைப்பாகை நுனியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஆர்டர் பாரத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்த பல்கார் சிங் அதை மூடிவிட்டார். "இவ்வளவு பேசற, அந்தப் பக்கம் சத்தமே இல்லையே. ரெண்டு பேரும் கூட்டா?"

நாற்காலி நகரும் சத்தம். பல்கார் சிங் எழுந்துவிட்டார்.

"சாச்சா, கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாருங்க" என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "அவன் விக்கிறது நீலம் பூசின மாட்டுவண்டி. மாடுகூட அவன்தான்."

பல்கார் சிங் நிம்மதியாக மறுபடி உட்கார்ந்தார்.

"எங்க கையெழுத்து போடணும் நச்சத்தர்?"