நாற்பத்து நான்கு அங்குல இடுப்பு

பர்ஸானா கத்தரிக்கோலை மேசையில் எறிந்த சத்தத்தில், மெசினுக்கு முன்னால் இருந்த தனுஷியா திடுக்கிட்டாள்.

“எவள்ட இடுப்புகா இது? யானைக்கா தைக்கிறம்?”

யானைக்கல்ல. நபீஸா மாமியின் மகள் அகீலாவின் கலியாண உடுப்பு அது. அண்ணன்காரன் தோஹாவிலிருந்து அனுப்பிய சாட்டின் துணி. காத்தான்குடிக் கடைத்தெருவைப் புரட்டிப் போட்டாலும் அந்த நிறம் கிடைக்காது. குடைபோல் விரியும் பாவாடை வேண்டும், இடுப்பில் ஒரு சுருக்கும் வரக்கூடாது என்பது மணப்பெண்ணின் கட்டளை. கலியாணம் வெள்ளிக்கிழமை. இன்று மாலை அசர் தொழுகை முடிய, போட்டுப் பார்க்கத் தாயும் மகளும் வருவார்கள். அகீலாவின் இடுப்பு இருபத்தெட்டு அங்குலம். வெட்டி முடித்த துணியின் இடுப்பு வாயிலோ இரண்டு அகீலா இறங்கலாம் போலிருந்தது.

“வழமை போலச் சுருக்கு வெச்சிரு புள்ள,” என்றாள் தனுஷியா. களுவாஞ்சிகுடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். அந்தத் தையல் அறையின் வாடகையில் பாதி அவளுடையது.

“சுருக்கு வேணாம் எண்டுதானே அவள் தலைப்பாடா அடிச்சுச் சொன்னவள்!”

இவ்வளவு காலமும் பர்ஸானா வெட்டிய குடைப் பாவாடை எல்லாமே இடுப்பில் பெருத்துத்தான் வந்தன. சுருக்கு வைத்தோ இலாஸ்டிக் போட்டோ சமாளித்துவிடுவாள். கேட்கிறவர்களுக்கு, “வளைச்சு வெட்டினா துணி இளகும்” என்பாள். சொல்லிச் சொல்லி அவளே அதை நம்பியும் விட்டாள். இன்று அந்தப் பொய் உதவவில்லை.

எவ்வளவு பெரிதென்றாவது பார்ப்போம் என்று அளவு நாடாவை நிமிர்த்தி, வாயின் விளிம்போடு நான்கு மடிப்பிலும் ஓட்டினாள். நாற்பத்து நான்கு.

அந்த எண் அவளுக்குத் தெரியும். உள்ளங்கைக்குத் தெரியும் என்பதுதான் சரி. பத்தாம் வகுப்பு, கணித பாடம். ஆரை ஏழு, பரிதி என்ன? வகுப்பு முழுக்க நாற்பத்து நான்கு என்று எழுத, பர்ஸானா மட்டும் இருபத்தெட்டு என்று எழுதினாள். பிரம்பு முறியும்வரை உள்ளங்கையில் அடி. “உன்ட மண்டைக்குள்ள என்ன, தவிடா?” என்று ஸேர் கேட்டார். இருபத்தெட்டு எங்கிருந்து வந்தது என்று மட்டும் அவர் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். வட்டத்தை நாலாய் மடிக்கலாம், மடிப்பு ஒன்றுக்கு ஏழு, நாலேழு இருபத்தெட்டு.

“தனுஷியா, நீ கணக்கில ஏ எடுத்தவள்தானே? பரிதி எண்டா என்ன?”

“ரெண்டு பை ஆர்.”

“அது வாய்ப்பாடு. பரிதி எண்டா என்ன எண்டு கேட்டன்.”

தனுஷியா யோசித்து, இடுப்பு வாயைச் சுற்றி விரலை ஓட்டினாள். “இந்தா, இதுதான்.”

“அப்ப ஆரை?”

“நடுவில இருந்து விளிம்புக்கு...” அவள் விரல் துணியின் மடிப்பு மூலைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. நாலாய் மடித்த துணியில் வட்டத்தின் நடு அந்த மூலைதான். “நீ இந்த மூலையில இருந்தா ஏழு வெச்ச நீ?”

“இருபத்தெட்ட நாலால பிரிச்சா ஏழுதானே!”

“அந்த ஏழு வளைவில வரணும்கா. நீ ஆரையில வெச்சிருக்கா.” சொல்லிவிட்டுத் தனுஷியா நாக்கைக் கடித்தாள். “கடவுளே, நானும் இப்பிடித்தானே வெட்டுறன்.”

“ஏ எடுத்துமா?”

“துணியில வரும் எண்டு ஆருக்குத் தெரியும்? பரீட்சையில வரும் எண்டுதான் படிப்பிச்சவங்க.”

பர்ஸானாவுக்குச் சிரிப்பு வரவில்லை. காது மடல் சூடேறியது. “ஒரு கடதாசிய மடிச்சுக் காட்டியிருந்தா முடிஞ்சிருக்கும். பிரம்பு வாங்கின காசுக்கு ஒரு கட்டு கடதாசி வாங்கியிருக்கலாம் அந்த மனிசன். ரெண்டு தரம் ஓ.எல் பரீட்சை எழுதி ரெண்டு தரமும் பெயில். எங்கட வாப்பா பள்ளிக்கூடம் போனது போதும் எண்டுட்டார்!”

கத்திக்கொண்டே மறுபடி நாடாவை வைத்தாள். ஒரு மடிப்பின் வளைவு பதினொன்று. வேண்டியது ஏழு. பக்கத் தையல் வரும் ஓரத்தால் நாலை எடுத்துவிட்டால் சுருக்கே இல்லாமல் இடுப்பு சரி.

“கீழயும் நாலு எடு,” என்றாள் தனுஷியா.

“எடுத்தா ஒரு பக்கம் தொங்கும். நடுவில இருந்து நேரா வரணும்.”

கீழே எவ்வளவு? பழுப்புக் கடதாசியில் பென்சிலை அழுத்தினாள். இடுப்பு மூலையிலிருந்து ஏழில். கீழ் விளிம்பு நாற்பத்தைந்தரையில். பிழையாகப் பெருக்கி, எழுதியதைக் கோடிட்டு அடித்தாள். மறுபடி எழுதி மறுபடி அடித்தாள். பென்சில் முனை ஒடிந்தது. மூன்றாம் தரம் ஆறரை மடங்கு என்று வந்தது. தூரம் ஆறரை மடங்கென்றால் வளைவும் ஆறரை மடங்காகத்தானே விரிய வேண்டும்? நாலு இருபத்தாறாகும்.

மூலையில் ஊசி குத்தி நூலைக் கட்டினாள். இடுப்பின் நாலங்குலப் புள்ளிக்கு மேலால் நூலை இழுத்துக் கீழ் விளிம்பில் பிடித்தாள். தனுஷியா நாடாவை வைத்தாள்.

“இருபத்தாறு,” என்றாள் மெதுவாக.

பர்ஸானா பார்த்துக்கொண்டே நின்றாள். துணியைத் தொடாமலே கடதாசியில் அவள் எழுதிய எண்ணில் துணி வந்து நின்றிருந்தது. “அல்லாவே, எவ்வளவு வடிவு,” என்றாள். அடுத்த மூச்சில் ஆத்திரம் இரட்டிப்பாகிவிட்டது. “இவ்வளவு வடிவான சாமானையா எனக்குப் பிரம்பால சுத்தித் தந்தவங்க!”

வெட்டினாள். இருவருமாய்த் தைத்து முடித்தார்கள்.

அசர் முடிய அவர்கள் வந்தார்கள். அகீலா உடுத்திக்கொண்டு சுழன்றாள். பாவாடை விரிந்து அடங்கியது. இடுப்பு உடம்போடு ஒட்டிக் கிடந்தது. நபீஸாவின் கண் மகளின் மேல் அல்ல, மேசைக்குக் கீழே கிடந்த வெட்டுத் துண்டுகளின் மேல் நின்றது.

“இவ்வளவு பெரிய துண்டு எப்பிடி மிஞ்சின?”

துணி இளகிவிட்டது என்று சொல்ல வாய் வந்தது. பர்ஸானா அதை விழுங்கினாள். “இடுப்ப நான் பிழையா வெட்டிப் போட்டன் மாமி. அதைச் சரிக்கட்ட எடுத்தது. முழு வட்டக் குடை இல்ல இது. நாலு துண்டும் இந்தா, எண்ணி எடுங்க.”

“நாசமாப் போச்சு! என்ட மகன் வேர்வை சிந்தி அனுப்பின துணி! தையல்காரி எண்டு போர்ட் மட்டும் போட்டிருக்கா!”

“விடுங்கும்மா,” என்றாள் அகீலா, கண்ணாடியை விட்டுத் திரும்பாமல். “எனக்கு இதுதான் வேணும்.”

துண்டுகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “இனி உன்னட்ட வாற எண்டா ரெண்டு தரம் யோசிக்கணும்,” என்றபடி நபீஸா படியிறங்கினாள். பர்ஸானா தனுஷியாவின் பக்கம் திரும்பினாள்.

“உன்ட மகன் பத்தாம் வகுப்புத்தானே? அவன்ட கணக்குப் புத்தகத்த நாளைக்குக் கொண்டு வா.”

“ஓ.எல் எடுக்கப் போறியா கிழவி?”

“கொண்டு வாகா எண்டா.”

மறுநாள் காலை புத்தகம் வந்தது. வட்டப் பாடத்தின் இரண்டாம் பக்கத்திலேயே பர்ஸானா திணறிப்போனாள். சடாரென்று மூடித் துணிக் குவியலுக்குள் எறிந்தாள். அரை மணித்தியாலம் பொறுக்க முடியவில்லை. போய்க் கிண்டி எடுத்து, அதே பக்கத்தைத் திறந்து, மடியில் பழைய கடதாசி ஒன்றை நாலாய் மடித்துக்கொண்டாள்.

“இது ஏன் இப்பிடி எண்டு ஒரு வரி எழுதினா, இந்தப் புத்தகம் எழுதினவனுகளுக்கு மை முடிஞ்சிருமா?”