உயிரோடிருந்த ஐயாவுக்கு ஓர் ஒப்பாரி

வலங்கைமானில் குந்தவையைத் தெரியாதவர் கிடையாது. அவள் பாட்டைக் கேட்டவர்தான் கிடையாது. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, மாதம் பிறந்தால் சம்பளம், எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கிதாரோடு ஊர் திரும்பி ஏழு வருஷம் ஆகிறது. நடவுப் பாட்டையும் தெம்மாங்கையும் எடுத்து, அடியில் டிரம்ஸ் போட்டு, மேலே தன் சொந்த வரிகளைப் பாடுவாள். ரூட்ஸ் ராக் என்று அதற்குப் பேர். கம்பெனி கிடையாது, சினிமா கிடையாது. எழுதுவது, பாடுவது, இணையத்தில் ஏற்றுவது எல்லாம் அவளே. இரண்டு ஆல்பம் வந்தது. சிங்கப்பூரில் இருக்கிற சித்தி மகன் இரண்டையும் கேட்டான், ஒன்றை முழுசாக.

மூன்றாவதில்தான் அந்த ஒப்பாரி. ஒப்பாரி என்றால் செத்தவர் பேரைச் சொல்லி அழ வேண்டும். பேர் இல்லாமல் அது நிற்காது. உயிரோடு இருப்பவர் பேரை வைத்துவிடவும் கூடாது. இது இந்தப் பக்கம் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். குந்தவைக்குத் தெரியாதா? அதனால்தான் யோசித்து யோசித்து, இந்தக் காலத்தில் எவனுக்கும் இருக்காது என்று ஒரு பேரைப் பிடித்தாள். மோனைக்கு ஓர் ஊரும் வந்து ஒட்டிக்கொண்டது.

“குத்தாலத்து ஐயாவு, குறுவைக்கும் வரலையே,
கதிரு சாஞ்சு கெடக்குதே, கரையேறிப் போனியே.”

பத்தே நாளில் மூன்று லட்சம் பேர் கேட்டார்கள். டீக்கடையில் அது, மினிபஸ்ஸில் அது. ஒரு கல்யாண மண்டபத்தில்கூடப் போட்டார்களாம். நம் ஜனங்களைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. தஞ்சாவூரில் ஓர் இசைவிழாவில் நிறைவு நிகழ்ச்சி அவளுக்கு என்று அழைப்பு வந்தது. அந்தப் பாட்டு கட்டாயம் வேண்டும் என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்கள்.

விழாவுக்கு நாலு நாள் முன்னால், காலை பதினோரு மணிக்கு ஓர் ஆள் வாசலில் வந்து நின்றார்.

“நான்தாம்மா ஐயாவு. குத்தாலம்.”

ரசிகர் யாரோ விளையாடுகிறார் என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியைப் போட்டாள்.

“சண்டைக்கு வரலம்மா. பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா அது வந்ததுலேருந்து... மொதல்ல தெருநாய் என்னைப் பாத்துக் குரைக்கிறதை விட்டுச்சு. அப்புறம் கண்டக்டர் என்கிட்ட டிக்கெட் கேக்கறதில்ல. லாபம்தானேன்னு இருந்துட்டேன்.”

“அப்புறம்?”

“முந்தாநேத்து பொண்டாட்டி ஒரு ஆளுக்குத்தான் சோறு வடிச்சா. எனக்கு எங்கடின்னேன். நிமிந்து பாத்துட்டு, ‘யாருங்க நீங்க?’ங்கறா.”

குந்தவை தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“தனித்தனியா கேக்கறவங்களைக்கூடத் தாங்கிக்குவேன். கூட்டம் சேந்து என் பேரைச் சொல்லி அழுதுச்சுன்னா நான் இருக்க மாட்டேன். தஞ்சாவூர் விழாவுல மட்டும் அதைப் பாடாதம்மா.”

“வேற பேரு போட்டுடறேங்க.”

“யாரு பேரு?”

வாயைத் திறந்தாள். வந்த பேர் ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஓர் ஆள் இருந்தார். மூடிக்கொண்டாள்.

அவர் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனதும் எதிர்வீட்டு சைத்தூன் பீவி தெருவைத் தாண்டி வந்தார். தெருவில் நுழைகிற ஆளின் செருப்பு எந்தக் கடையில் வாங்கியது என்று சொல்லக்கூடிய அம்மாள்.

“யாரு புள்ள வந்தது?”

“நீங்கதான் ஜன்னல்லயே இருந்தீங்களே பீவிம்மா. எப்படி இருந்தாரு, சொல்லுங்க.”

“அதானே! கண்ணு எடுக்காமத்தான் பாத்தேன். வேட்டியா கைலியா...” பீவி நெற்றியைத் தேய்த்தார். “வயசானவரா? ஆம்பளதானா? என்ன புள்ள இது, ஒண்ணுமே வரமாட்டேங்குது.”

பீவிக்கு ஞாபகம் வரவில்லை என்றால் அது சாதாரண விஷயமில்லை. குந்தவை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாடாமல் விட்டால்? மறுபடியும் சித்தி மகன் ஒருத்தன்தான். ஏழு வருஷத்தில் ஓடிய ஒரே பாட்டு. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்து ஒரு வழி கண்டுபிடித்தாள். பாட்டும் போகக்கூடாது, ஆளும் போகக்கூடாது. டிரம்ஸ் வாசிக்கிற ஆஸிமிடம் சொன்னாள்.

“‘குத்தாலத்து’ன்னு நிறுத்திடுவேன். பேரைச் சொல்ல மாட்டேன். அந்த எடத்துல நீயும் அடிக்காதே.”

“பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்குமேக்கா. ஏன்?”

“இருக்கட்டும்டா.” காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் டிரம்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவான்.

ஐயாவுக்குப் போன் போட்டாள். அவர் முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, “நானும் வந்து நிக்கிறேம்மா” என்றார்.

சாயங்காலம் ஐந்தரை மணி. திறந்தவெளி மைதானம், நாலாயிரம் பேர். முன்வரிசைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஐயாவு நின்றார். குந்தவை ஆரம்பித்தாள்.

“குத்தாலத்து...”

நிறுத்தினாள். ஆஸிமும் நிறுத்தினான்.

“ஐயாவு!” என்று நாலாயிரம் தொண்டை அந்த இடத்தை நிரப்பியது.

வேண்டாம் என்று கையை உயர்த்தினாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று எடுத்துக்கொண்டது கூட்டம். கிதார் தானாகப் போனது. அடுத்த அடியில் அவள் வாயே திறக்கவில்லை, அவர்களே முழுசாகப் பாடினார்கள். அழுதுகொண்டே பாடினார்கள். ஐயாவு அவளைப் பார்த்தார். கோபம் இல்லை, நிறுத்தத்தில் நிற்காமல் போகிற பஸ்ஸைப் பார்ப்பது போல ஒரு பார்வை. மூன்றாம் முறை பேர் எழும்பியபோது அவர் நின்ற இடத்தில் ஒரு பெண் செல்போனை உயர்த்திப் பிடித்து நின்றாள். யாரும் யாரையும் தள்ளவில்லை. அங்கே எப்போதுமே அவள்தான் நின்றது போல இருந்தது.

மேடைக்குப் பின்னால் வயர்களைச் சுருட்டும்போது ஆஸிம் குதித்தான்.

“அக்கா, பின்னிட்டீங்க! கூட்டத்தையே பாட வச்சிட்டீங்களே. நிறுத்தணும்னு எப்படித் தோணுச்சு?”

குந்தவை யோசித்தாள். ஏதோ காரணம் இருந்தது. நாக்கு நுனி வரை வந்து வழுக்கிப் போனது.

“தெரியலைடா. ரெண்டு நாளா அதையேதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

“ஐயாவுன்னு நிஜமாவே யாராச்சும் இருக்காங்களாக்கா?”

“சேச்சே. எவனுக்கும் இருக்காதுன்னு வச்ச பேரு.” கிதாரைப் பெட்டியில் வைத்து மூடினாள். “ஆனா அந்த நிறுத்தம் நல்லாத்தான் இருக்கு. இனிமே எல்லா ஊர்லயும் அப்படியே வச்சுக்கலாம்.”