சாயாக் கடையில் உட்கார்ந்திருந்த இணை

மூட்டை தானாகத் தலையில் ஏறாது. எதிரே ஒருத்தன் நின்று தூக்கிவிட்டால்தான் ஏறும். கொச்சியில் கொச்சங்காடிக் கிட்டங்கிகளில் அப்படித் தூக்கிவிடுகிறவனை இணை என்பார்கள். காலையில் ஒருத்தன் சுமந்தால் மத்தியானத்துக்கு மேல் மற்றவன் சுமப்பான். பெண்டாட்டி மாறினாலும் இணை மாறக்கூடாது. ஆள் மாற்றிப் பிடித்தால் கழுத்துப் பிசகிவிடும் என்று அங்கே ஒரு பயம்.

நல்லசிவத்துக்கு இணை அத்ருமான். இவன் விருதுநகர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்தவன்; அங்கத்துக்காரர் வாயில் பாண்டி. அவன் மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவன்.

இப்போது அவர்கள் வேலை பார்த்த கிட்டங்கியில் துருப்பிடித்த பூட்டு தொங்குகிறது. முதலாளி சேட்டு போய்ச் சேர்ந்துவிட்டார். அத்ருமான் கல்ஃபில் இருக்கும் மகனோடு போய்விட்டான். குடியிருக்கும் சுள்ளிக்கல்லிலிருந்து சந்தைக்குக் குறுக்கு வழி இருந்தும் நல்லசிவம் இந்தப் பக்கமாகத்தான் நடப்பான். சுவரில் இன்னும் மிளகு வாசனை இருக்கிறது. இல்லை, அவன் மூக்கில் இருக்கிறதோ என்னமோ.

எழுபத்தொன்று கெட்ட வருஷம். அரிசி விலை ஏறியது, ரேஷன் குறைந்தது. வங்காளத்து அகதிகளுக்கென்று தபாலுக்குக் கூட வரி வந்தது. வியாபாரம் படுத்துவிட்டது என்று சேட்டு ஆறு பேரை வெளியே போகச் சொன்னார். ஆறில் ஒருவன் நல்லசிவம். மற்றவர்கள் அவர்களுக்காக வேலையை நிறுத்திவிட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். மிளகு புடைக்கிற பெண்கள் மூன்று கல் கூட்டிக் கப்பைக்கிழங்கு வேக வைத்தார்கள். அத்தனை பசியிலும் அந்த வாசலில் சிரிப்புக்குக் குறைவில்லை. அந்த மாதிரிக் கப்பையை அப்புறம் அவன் எங்கேயும் தின்றதில்லை.

டிசம்பரில் யுத்தம் வந்தது. எர்ணாகுளத்திலிருந்து யூனியன் தலைவர் வெள்ளை வேட்டியில் வந்து, நாடு ஆபத்தில் இருக்கும்போது வேலையை நிறுத்திச் சமரம் பண்ணக் கூடாது, நாளைக் காலை எல்லோரும் வேலைக்கு ஏற வேண்டும் என்றார். ஆறு பேர் விஷயத்தை யுத்தம் முடிந்த பிறகு பேசலாமாம். எல்லையில் வெடித்த குண்டு நம் கஞ்சிக் கலயத்தில் விழுந்துவிட்டது என்று நல்லசிவம் நினைத்துக்கொண்டான். பெண்டாட்டி பேச்சியம்மாளிடம் சொன்னபோது அவள் தாலிக்கயிற்றில் கிடந்த குண்டுமணிப் பொன்னைக் கழற்றி அவன் கையில் வைத்தாள். அதை விற்றுத் தின்று முடிந்தால் அப்புறம் என்ன என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

மறுநாள் அந்த ஆறு பேரைத் தவிர எல்லோரும் உள்ளே போனார்கள். மற்ற ஐந்து பேரும் வாசலில் நிற்க, நல்லசிவம் எதிரே செல்லப்பாவின் சாயாக் கடையில் உட்கார்ந்தான். அத்ருமானும் தலைத்துணியை உதறிக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்தான். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. யாரையும் நம்பி நல்லசிவத்துக்குப் பழக்கமில்லை. இவன் வேறு கையைப் பிடிக்கப் போகிறான், பிடித்துவிட்டால் என் சோலி முடிந்தது என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆறிப்போச்சு, குடிப்பா" என்றான் செல்லப்பா. "உன் இணைக்கு இந்நேரம் புதுச் சம்பந்தம் ஆகியிருக்கும்."

ஆனால் மத்தியானம் வரை ஒரு மூட்டையும் வெளியே வரவில்லை. கரையில் வள்ளம் காலியாக ஆடிக்கொண்டு நின்றது. தண்ணீர் குடிக்க வந்த ஒருத்தன் சொல்லித்தான் சங்கதி தெரிந்தது. வெளியே நின்ற ஆறு பேரும் உள்ளே இருக்கிற ஆறு பேருக்கு இணை. உள்ளே இருக்கிற அந்த ஆறு பேரும் மூட்டை பக்கத்தில் குனிந்தபடி நிற்கிறார்களாம். வரிசையில் முன்னால் இருக்கிறவன் நகராமல் பின்னால் இருக்கிறவனும் நகரவில்லை. சமரமா என்று சேட்டு கத்தியதற்கு அத்ருமான், "சமரமொந்நும் இல்ல சேட்டே, ஞான் ரெடி. என்டெ ஆளு அவ்விட சாயா குடிக்கறான், வரட்டும்" என்றானாம். போலீசுக்குச் சொல்ல என்ன இருக்கிறது? வேலை செய்யமாட்டேன் என்று ஒருத்தனும் சொல்லவில்லையே.

வள்ளத்துச் சரக்குக்காகத் துறைமுகத்தில் கப்பல் காத்திருந்தது. இருட்டினால் ஒரு விளக்குப் பொட்டுக் கூடத் தெரியக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு. வெயில் சாய்ந்தபோது கணக்குப்பிள்ளை விஸ்வேஸ்வரன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தார்.

"ஓய் நல்லசிவம், சேட்டு விளிக்கறார். உள்ளே வாரும்."

"எதுக்குச் சாமி? இன்னைக்கு ஏத்திட்டு நாளைக்கு வெளியே போறதுக்கா?"

"ஆறு பேரையும் திரும்ப வேலைக்கு எடுத்தாச்சு ஓய். எல்லார் முன்னாலயும் சொல்லியாச்சு. இருட்டிண்டு வரது, வாரும்."

நல்லசிவம் அப்போதும் நம்பவில்லை. மற்ற ஐந்து பேரும் உள்ளே போனதைப் பார்த்த பிறகுதான் எழுந்தான்.

உள்ளே அரை இருட்டு. அத்ருமான் அதே இடத்தில் நின்றிருந்தான். நின்று நின்று கால் வீங்கியிருந்தது. நல்லசிவம் மூட்டையின் காதைப் பிடித்தான்.

"ஒரு சாயா குடிக்கான் இத்தற நேரமோடா, பாண்டி?" என்று சொல்லிவிட்டு அத்ருமான் தலையைக் கொடுத்தான்.