தொடக்கத் தேதி

விளம்பர நோட்டீஸுக்காக மியூச்சுவல் ஃபண்டுகளின் ஐந்தாண்டு வளர்ச்சியைக் கணக்கிடுவது என் வேலை. எங்கள் அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. வரைபடத்தில் கோடு எங்கே அதலபாதாளத்தில் கிடக்கிறதோ, அங்கிருந்துதான் எண்ணத் தொடங்குவோம். கிணற்றுக்குள் நின்று பார்த்தால் தரைகூட உயரம்தான்.

இந்த முறை பங்குச் சந்தையின் பெரிய சரிவுக்கு மறுநாளை எடுத்தேன். ஆண்டுக்குப் பதினெட்டு சதவீதம் வந்தது. சரிவுக்கு மூன்று மாதம் முந்தைய தேதியிலிருந்து எண்ணிப் பார்த்தேன். ஏழுகூட வரவில்லை.

"சார், இது உறுத்துது."

மேலாளர் சிரித்தார். "அதான் நோட்டீஸ்ல தேதியைக் கீழே போட்டிருக்கோமே? கண்ணுல தூசி விழுந்திருக்கும், கழுவிட்டு வாம்மா."

தேதி எறும்பு எழுத்தில் இருந்தது. நோட்டீஸ் அச்சுக்குப் போயிற்று.

திங்கட்கிழமை காலை அக்கா போன் செய்தாள்.

"எங்க இருக்கேன் சொல்லு பாப்போம்? உங்க கிளை ஆபீஸ்ல! ஃபாரம் நிரப்பியாச்சு."

அவள் போட வந்த பணம், இயந்திரத்தில் மாமாவின் விரல்கள் போனபோது கிடைத்த நஷ்டஈடு. அவர் இனி வேலைக்குப் போக முடியாது. அவர்களுக்கு வேறு பணமும் இல்லை.

"எந்த ஃபண்டுக்கா?"

"அந்தப் பதினெட்டுதான். என் தங்கச்சி போட்ட கணக்குன்னு பீத்திக்கிட்டேன். உங்க மாமா, 'அவ பத்தாவதுல கணக்குல எத்தனை மார்க்குன்னு கேளு'ன்றாரு!"

பின்னால் மாமா சிரிப்பது கேட்டது. மேலாளர் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தார். வெளியே போய்ப் பேசலாம் என்று தோன்றியது. ஆனால் எழுந்தால் சொல்லாமலே இருந்துவிடுவேன்.

"கையெழுத்துப் போடாதேக்கா."

"ஏன்டி? பொய்யா அது?"

"பொய் இல்ல. நல்லாத் தெரியற நாளாப் பார்த்து ஆரம்பிச்சேன். மூணு மாசம் முன்னாடியிருந்து எண்ணினா ஏழுகூட வராது. பாங்குல சும்மா போட்டிருந்தாலே அது வந்திருக்கும்."

பேனாவுக்கு மூடி போடும் சத்தம் கேட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"எனக்கு முன்னாடி வரிசையில ஆறு பேர் இருக்காங்கடி," என்றாள் மெதுவாக. "எல்லார் கையிலயும் உன் நோட்டீஸ். இவங்களுக்கெல்லாம் யாரு தங்கச்சி?"

நான் மேலாளரை ஓரக்கண்ணால் பார்த்தேன்.

"ஸ்பீக்கர்ல போடறேன். எனக்குச் சொன்னதையே சொல்லு."

"அக்கா, என் வேலை..."

"தெரியும். சொல்லு."

மறுமுனையில் பேச்சு அடங்கியது. யாரோ இருமினார்கள். இங்கே மேலாளர் தலை தூக்கி என்னைப் பார்த்தார்.

"வணக்கம்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னும் உரக்க, "சரிவுக்கு மூணு மாசம் முன்னாடியிருந்து சொல்றேன், குறிச்சுக்கங்க," என்றேன்.