முட்டிவலிக்கு வரி இல்லை

லிப்ட் மெக்கானிக்குக்கு ஒரு வேன் வேண்டும். ஓய்வுபெற இன்னும் பல வருடம் கிடக்கிறது, ஆனால் சொந்தமாக ரிப்பேர் தொழில் தொடங்கும் ஆசை மனுஷனைத் தூங்கவிடவில்லை. பணமும் இருக்கிறது, ஓய்வுக்கால சேமிப்பில் பத்திரமாக. இப்போதே அதில் கை வைத்தால் வரி என்று கால்வாசியைச் சுருட்டிக்கொள்வார்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

கணக்கு எழுதும் மச்சினன் வழி சொன்னான். "வைத்தியச் செலவுக்குன்னா ஒரு பைசா வரி கிடையாது மாமா. டாக்டர் சர்டிபிகேட் இருந்தாப் போதும்."

"எனக்கு ஒரு வியாதியும் இல்லையேப்பா."

"அக்காவுக்கு இருக்கலாமே."

இவனல்லவா மச்சினன். மெக்கானிக் அன்றைக்கே மனைவியிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தார். முட்டிவலி என்று சொல்லி டாக்டர் முன்னால் நாலடி நொண்டினால் போதும். துணிக்கடையில் நாள் முழுக்க நின்று விற்கிறவள் நொண்டினால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

முடியவே முடியாது என்றாள் அவள். ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்க மாட்டாளாம். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்ததைப் பார்க்கச் சகிக்காமல்தான் கடைசியில் இறங்கி வந்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் நொண்டிய அழகைப் பார்த்து அவரே வாயைப் பிளந்தார். "அசத்துறியே. உனக்குள்ள இப்படி ஒரு நடிகை இருக்கிறது தெரியாமப் போச்சே," என்று காதோரம் சொன்னார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுத்த அடியை வைத்தாள்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரெண்டு முட்டியும் தேஞ்சு போயிருக்கு. இவ்வளவு நாள் எப்படிம்மா நடந்தீங்க? ஆபரேஷன்தான் பண்ணணும்."

மேல்மாடியில் லிப்டின் ஒரு உருளை கரகரத்தால் கீழே நின்றே கண்டுபிடிக்கும் காது மெக்கானிக்குக்கு. கூடவே குடித்தனம் நடத்துகிறவளின் வலி மட்டும் அதில் விழவில்லை. அவருக்கு அவமானமாக இருந்தது.

"ஏன் சொல்லல?"

"சொன்னா வேன் போயிடுமேங்க."

வெளியே வரும்போது மச்சினன் போனில் கூப்பிட்டான். "சர்டிபிகேட் கிடைச்சுதா மாமா?"

"கிடைச்சுது."

"அப்ப வேன் எப்ப?"

"வேன் இல்லப்பா. அக்காவுக்கு நெஜமாவே வலி."

வீட்டு மாடிப்படியில் அவள் வழக்கம்போல விறுவிறுவென்று ஏறக் காலை எடுத்து வைத்தாள்.

"இனிமே நடிக்காதே," என்றார் அவர்.

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, நின்று நின்று ஏறினாள். முதல் மாடி வருவதற்குள் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.