நடுக்கதவுக் கம்பி

எங்கள் ப்ரேமன் நகரத்துப் பக்கம் கல்யாணத்துக்கும் வெண்ணெய் கேக்தான், சாவுக்கும் வெண்ணெய் கேக்தான். மாவைத் தட்டில் பரப்பி, விரலால் குழி போட்டு, குழிக்குள் வெண்ணெயும் சர்க்கரையும் வைத்து அடுப்பில் தள்ளிவிடுவோம். என் அக்கா இம்கே சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, புது பஸ்ஸின் முதல் ஓட்டத்துக்கு முந்தின நாள் ஒரு பெரிய தட்டு நிறையச் செய்து வைத்திருந்தாள்.

“எதுக்கு இவ்வளவு?” என்று கேட்டேன்.

“நாளைக்கு நான் பஸ் ஏறிட்டா சந்தோஷத்துக்குச் சாப்பிடுவோம். ஏறலைன்னா துக்கத்துக்குச் சாப்பிடுவோம். கேக் வீணாப் போகாது கேஸா.”

அவள் வாய் அப்படி. கால் விழுவதற்கு முன் டிராமில் கண்டக்டராக இருந்தவள். குடிகாரனையும் கவுன்சிலரையும் ஒரே குரலில் இறக்கிவிடுவாள். வண்டி புறப்பட மணியை இரண்டு தரம் அடிக்க வேண்டும். மணிக்கயிறு அறுந்திருந்தால் மோதிரத்தால் பக்கத் தகரத்தில் டக் டக் என்று தட்டுவாள். நான் பஸ் ஓட்ட வந்த காலத்தில் கண்டக்டர் வேலையையே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அவள் வீட்டில் எதற்கும் அந்த இரண்டு தட்டுதான். சாப்பாடு ஆயிற்றா, டக் டக். விருந்தாளி கிளம்பலாமா, டக் டக்.

நரம்பு நோய் வந்து நாற்காலியில் உட்கார்ந்தபின் அவளுக்கும் ஊருக்கும் நடுவில் நின்றது பஸ்ஸின் மூன்று படிகள். முதலில் யாராவது தூக்கி ஏற்றினார்கள். ஒருநாள் சந்தைக்குப் போகையில் நான்கு ஆண்கள் தூக்கியதில் பாவாடை தொடைவரை ஏறிவிட்டது. எல்லோரும் ரொம்ப மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள். அந்த மரியாதையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. “நான் என்ன உருளைக்கிழங்கு மூட்டையா? இனிமே யாரும் என்னைத் தூக்கக் கூடாது” என்றாள். டாக்டரிடம் போவதைத் தவிர நாலு வருஷமாக வாசலைத் தாண்டவில்லை.

அவள் புருஷன் கெரிட், வெஸர் ஆற்றுக்கு அக்கரையில் பஸ் தொழிற்சாலையில் வெல்டர். படியில்லாத பஸ் ஒன்று செய்து பார்க்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அந்தப் பகுதிக்குக் கேட்டு மாற்றிக்கொண்டான். தரையை இறக்குவதென்றால் சும்மாவா? தரைக்கு அடியில் இருந்ததெல்லாம் வேறு இடம் பார்க்க வேண்டும். எஞ்சின் பின் மூலைக்குப் போயிற்று. அச்சை வளைத்தார்கள். டீசல் தொட்டியை எங்கே வைப்பது என்று ஒரு குளிர்காலம் முழுக்கச் சண்டை போட்டார்கள். கெரிட் சாயங்காலம் வந்து, “இன்னைக்கு இன்னும் ரெண்டு விரக்கடை இறங்கிடுச்சு” என்பான். அவள், “என் வாசல் வரைக்கும் இறங்கட்டும், அப்புறம் பேசு” என்பாள்.

கதவுகள் மாட்டாத எலும்புக்கூடாக பஸ் நின்றிருந்தபோது, கெரிட் அவளுடைய பழைய நாற்காலியை எடுத்துப் போய் நடுவாசல் வழியாகத் தள்ளிப் பார்த்தான். தாராளமாகப் போயிற்று. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, அவளை நாற்காலியோடு சமையலறையில் சுற்றோ சுற்றென்று சுற்றினான். சூப் பாத்திரம் கவிழ்ந்தது. அவள் திட்டிக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று எனக்கே அழுகை வந்தது.

புதுவண்டியின் முதல் ஓட்டம் அதைக் கட்டினவர்களுக்கும் குடும்பங்களுக்கும் என்பது தொழிற்சாலை வழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவதற்கு என்னைக் கூப்பிட்டார்கள். தொழிற்சாலையிலேயே எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். கெரிட் மடியில் கேக் தட்டு. தலைமைப் பொறியாளர் டாக்டர் லூடர்ஸ் புது டை கட்டியிருந்தார். நேரே இம்கேயின் வீட்டு வாசல் நிறுத்தத்துக்கு விட்டேன்.

இம்கே ஊதா நிறக் கோட்டு போட்டு, முடி சுருட்டி, தனியாக நின்றிருந்தாள். நின்றிருந்தாள் என்றுதான் எனக்கு எழுத வருகிறது. எதிர்வீட்டு ஜன்னல்களில் பெண்கள் ஏற்கெனவே தண்ணீர் ஊற்றிய பூச்செடிகளுக்கு மறுபடி ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

பொத்தானை அழுத்தினேன். சக்கரங்களுக்கு மேலிருந்த காற்றுப்பைகள் சீறி இறங்க, பஸ் கதவுகள் இருக்கும் வலப்பக்கமாகக் குனிந்தது. தரையும் நடைபாதையும் ஒன்றாயின. பின்னால் எல்லோரும் கைதட்டினார்கள். நடுக்கதவைத் திறந்தேன்.

கைதட்டல் நின்றுவிட்டது.

வாசலுக்கு நட்ட நடுவில், தரையிலிருந்து கூரைவரை ஒரு மஞ்சள் கம்பி. ஊரில் ஓடும் ஒவ்வொரு பஸ்ஸிலும் நடுக்கதவில் உள்ள அதே கம்பி. கதவுத் தொகுதியோடு கூடவே வருவது. கடைசி வாரத்தில் கதவு மாட்டினவர்கள் அதையும் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கெரிட் முப்பது வருஷமாக அதைப் பிடித்து ஏறினவன். நான் நாள்தோறும் கண்ணாடியில் பார்க்கிறவள். ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை. எல்லோரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அது இதுதான்.

இம்கே கிட்டே வந்தாள். நாற்காலியின் ஒரு பக்கச் சக்கரம் உள்ளே ஏறியது, மறுபக்கம் கம்பியில் இடித்தது. பின்னால் போய், கோணலாக ஒருமுறை முயன்றாள். மறுபடி இடித்தது. முன்கதவோ அதைவிடக் குறுகல்.

“நாலு பேர் பிடிச்சா ஒரு நிமிஷ வேலைங்க” என்றார் லூடர்ஸ். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் அந்த நேரத்தில் அவர் வாயை யாராவது தைத்திருக்கலாம்.

“நாலு பேர் பழைய பஸ்ஸுலயும் இருந்தாங்களே சார்” என்றாள் இம்கே.

கெரிட் தட்டை யார் மடியிலோ போட்டுவிட்டு எழுந்தான். “ரம்பம் எங்கடா? பெட்டியில ரம்பம் இருக்கா? இப்பவே அறுக்கிறேன்!”

“கம்பி இல்லாட்டி சோதனை அதிகாரி முத்திரை செல்லாதுப்பா. வண்டி ரோட்டுல நகரக் கூடாது” என்றார் லூடர்ஸ். புது டையை இழுத்துத் தளர்த்திக்கொண்டார்.

கெரிட் வெறும் கையால் கம்பியைப் பிடித்து உலுக்கினான். அவனைப் போன்றவர்கள் வேலை செய்த வண்டி, அது அசையுமா?

“விடு கெரிட்” என்றாள் அவள். “கையில காயம் பண்ணிக்காத. கேக்கை எல்லாருக்கும் குடு. நேத்து சுட்டது, ஆனாலும் நல்லாத்தான் இருக்கும்.” பிறகு என்னைப் பார்த்தாள். “கேஸா, நிறுத்தத்துல எவ்வளவு நேரம் நிப்ப? கதவ மூடு.”

“நான் போகல இம்கே.”

அவள் நாற்காலியைப் பின்னுக்கு எடுத்து, மோதிரத்தால் பஸ்ஸின் பக்கத்தில் தட்டினாள். டக் டக். அந்தச் சத்தத்துக்கு மேல் வாதாட எனக்குத் தெரியாது. பஸ் நிமிர்ந்தது. கண்ணாடியில் ஊதாக் கோட்டு சின்னதாகிக்கொண்டே போனது. கெரிட் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தான். பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

அந்த ஒற்றைக் கம்பியை எடுக்க அனுமதி வாங்க இலையுதிர் காலமும் போய் குளிர்காலமும் வந்துவிட்டது. “பயணி எதைப் பிடிச்சு ஏறுவார்?” என்று அதிகாரிகள் கேட்டார்கள். பிடித்து ஏற முடியாதவரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஜனவரியில் இம்கேயின் நெஞ்சில் சளி கட்டியது. கல்லறையிலிருந்து திரும்பி வந்து வெண்ணெய் கேக் சாப்பிட்டோம். நான் செய்தது. அவள் கைப்பக்குவம் வரவில்லை.

மார்ச்சில் கம்பியில்லாத பஸ் இம்கே வீட்டு வழித்தடத்தில், என் கையிலேயே ஓடத் தொடங்கியது. முதல் நாள் கெரிட் நடுக்கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். அவள் வீட்டு நிறுத்தத்தில் காத்திருந்தவர் யாரும் இல்லை. இருந்தும் நிறுத்தினேன். பஸ் குனிந்தது. கதவு திறந்தது. அகலமாக, தாராளமாக, ஒரு தடையும் இல்லாமல் திறந்தது. குளிர்காற்று உள்ளே வந்தது.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பயணிகள் பொறுமையாக இருந்தார்கள். எதற்காகக் காத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்; அது வராது என்றும் தெரியும்.

அப்போது பின்னால், மோதிரம் தகரத்தில் இரண்டு தரம் தட்டியது. கண்ணாடியில் பார்த்தேன். கெரிட் தலை குனிந்திருந்தான். அவனுடைய சுண்டுவிரலில் அவள் மோதிரம்.

கதவை மூடினேன்.