இறங்குமிடம் காலியா?

ஹெல்மெட்டைத் தலையில் மாட்டியதுமே அவளுக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. உள்ளே வைத்திருந்த பஞ்சு யார் யாருடைய வியர்வையையோ குடித்து ஊறிப்போயிருந்தது. அது காதோரம் ஈரமாக ஒட்டியபோது, முன்பின் தெரியாத ஆள் ஒருவன் கன்னத்தோடு கன்னம் வைத்த மாதிரி இருந்தது.

"மாட்டிட்டீங்களா? தாடைப் பட்டையை இழுத்து இறுக்குங்க" என்றார் பயிற்சி தரும் மாஸ்டர். சொல்லிவிட்டு, வாயில் மென்றுகொண்டிருந்த சூரியகாந்தி விதையின் தோலைப் பக்கத்தில் துப்பினார். அது அவள் ஷூவுக்கு அருகில் விழுந்தது. பட்டையிலும் பிசுபிசுப்பு. அவள் கண்ணை மூடிக்கொண்டு இறுக்கினாள்.

வீட்டில் அவளுக்குச் சோப்பு என்று பெயர். ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிற வேலை. ஊரார் மூக்கில் உட்கார்ந்து பாசி பிடித்த ஃபிரேம்களைக் கையுறை இல்லாமல் தொடமாட்டாள். அடுத்தவர் குடித்த டம்ளரில் குடிக்கமாட்டாள். பேருந்தில் கம்பியைப் பிடிக்கக்கூட கைக்குட்டை வேண்டும். அப்படிப்பட்டவள் ஆட்டுப்புழுக்கை சிதறிக் கிடந்த புல்வெளிக்கு வந்து நின்றதற்குக் காரணம் அத்தான்தான்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். ஒரு பெரிய ஃபர்னிச்சர் கடையின் மேலாளர். மலையேறுவார், மோட்டார் பைக்கில் தூரதேசம் போய்வருவார், எந்தக் கூட்டத்தில் மைக் கிடைத்தாலும் விடமாட்டார். குடும்பமே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. பாராகிளைடிங் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று அவர் சாப்பாட்டு மேசையில் அறிவித்தபோது, "நானும் வரட்டுமா?" என்று இவள் வாய் தவறிக் கேட்டுவிட்டாள். வேலைக்குப் போகிற வழியில், குன்றுக்கு மேலே வண்ண வண்ணமாக மிதக்கிற அந்தத் துணி இறக்கைகளைப் பேருந்து ஜன்னலிலிருந்து ரொம்ப நாளாகப் பார்த்து வந்தவள் அவள்.

அத்தான் சிரித்தார். "நீயா? அங்க மண்ணு இருக்கும்மா. மேல ஒட்டிடும்."

அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே அவள் வந்தாள்.

முதல் சில வாரங்கள் பறக்கவே இல்லை. இறக்கையைத் தரையில் விரித்துப் போட்டு, காற்றை எதிர்த்து ஓடி, அதைத் தலைக்கு மேலே எழுப்பி நிறுத்திப் பழகவேண்டும். அது எழும், ஒரு பக்கம் சாயும், ஆளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகும். அவள் விழாத இடம் இல்லை. ஒருமுறை சாணியில் முழங்கை வரை போனது. வெதுவெதுப்பாக இருந்தது. அவள் கையை உடம்பிலிருந்து தள்ளி, வேறு யாருடைய கையையோ தூக்கிப் பிடித்தவள் போல நின்றாள். அழுகை முட்டியது.

"புதுசா?" என்று கேட்டார் பேக்கரிக்காரர்.

"என்ன அண்ணா?"

"சாணி. புதுசா இருந்தா துடைச்சா போயிடும். பழசுதான் பிடிச்சுக்கும்."

பேக்கரிக்காரர் அவர்களோடு சேர்ந்து பயிற்சிக்கு வந்தவர். பெரிய உடம்பு. விடியுமுன் அடுப்பு மூட்டி ரொட்டி போட்டு முடித்துவிட்டு மாவு வாசனையோடு வருவார். ஓடினால் மூச்சு வாங்கும். ஆனாலும் ஒருநாள்கூட மட்டம் போட்டதில்லை. விழுந்தால் தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்வார். அத்தான் அவருக்கு முதல் நாளே 'மூட்டை' என்று பெயர் வைத்துவிட்டார், அதுவும் அவர் காதில் விழும்படியாக.

பிறகு சரிவுக்குப் போனார்கள். அதிக உயரமில்லாத ஒரு மேடு. மேலேயிருந்து ஓடிக் கிளம்பினால் கொஞ்ச நேரம் மிதந்து கீழே புல்வெளியில் இறங்கலாம். மாஸ்டர் கீழே நிற்பார். ஒவ்வொருவர் தோள்பட்டையிலும் ஒரு சின்ன ரேடியோ. கிளம்புமுன் "இறங்குமிடம் காலியா?" என்று கேட்கவேண்டும். முன்னால் போனவர் இறக்கையைச் சுருட்டிக்கொண்டு ஓரமாகப் போன பிறகு "காலி, வா" என்பார் மாஸ்டர். அதற்குப் பிறகுதான் ஓடவேண்டும். "இதுல மட்டும் விளையாட்டு வச்சுக்கிட்டா, என் மைதானத்துல கால் வைக்கக்கூடாது" என்று தோலைத் துப்பிக்கொண்டே சொன்னார்.

அன்று பேக்கரிக்காரர் முதலில் போனார். அழகாகவே போனார். மேலே நின்ற சோப்பு கைதட்டினாள். அடுத்து அத்தான். இறக்கையை விரித்துவிட்டு, ஹெல்மெட்டில் ஒட்டியிருந்த கேமராவைத் திரும்பத் திரும்பச் சரிசெய்தார். ரேடியோவில் மாஸ்டர் குரல் வந்தது. "மேல நிக்கிறவர், பொறுங்க. இவருக்குக் கயிறு சிக்கிக்கிச்சு."

"சும்மா தொணதொணன்னு" என்றார் அத்தான். ரேடியோவின் திருகைத் திருப்பிச் சத்தத்தை அடக்கினார். "காத்து இப்பதான் நல்லா வருது. வீடியோல இவன் குரல் வேற எதுக்கு?"

"அத்தான், காலின்னு இன்னும் சொல்லலையே."

"மூட்டை அதுக்குள்ள நகர்ந்துடும்."

ஓடினார். இறக்கை எழுந்தது, அவரைத் தூக்கியது. "யாஹூ" என்று கத்தினார். சோப்பின் தோளில் இருந்த ரேடியோவில் மாஸ்டர் கத்திக்கொண்டே இருந்தார். "இடது பக்கம் திருப்பு! இடது! இடது!" கீழே பேக்கரிக்காரர் குனிந்து, காலில் சுற்றிய கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு நிமிர்ந்தார். அதற்குள் அத்தானின் இரண்டு முழங்காலும் அவர் தோளில் இடித்தன.

அவள் சரிவில் ஓடியே இறங்கினாள். பேக்கரிக்காரர் புல்லில் மல்லாந்து கிடந்தார். முகம் மாவு பூசியது போல வெளுத்திருந்தது. காலர் எலும்பு தோலுக்கடியில் கூராக மேடு தட்டி நின்றது. அத்தானுக்கு ஒரு கீறல்கூட இல்லை. எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ரேடியோ கேக்கவே இல்ல மாஸ்டர். மிஷின் சரியில்ல. நான் கிளம்பும்போது கீழ யாரும் இல்ல. இவரு திடீர்னு குறுக்க வந்துட்டாரு."

வாய் கூசாமல் சொன்னார். சொல்லிக்கொண்டே அவர் விரல் தோளுக்குப் போய்த் திருகைப் பழையபடி திருப்பி வைத்ததை அவள் பார்த்தாள்.

இன்னும் மோசமானது அதற்கப்புறம் நடந்தது. பேக்கரிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தார். "மன்னிச்சுடுங்க சார்" என்றார் அத்தானைப் பார்த்து. "நான்தான் மெதுவா... இந்த உடம்பை வச்சுக்கிட்டு... உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

அத்தான் மண்டியிட்டார். அடிபடாத தோளைத் தட்டிக்கொடுத்தார். "பரவாயில்ல, விடுங்க. தப்பு எல்லாருக்கும் நடக்குறதுதான். நான் மனசுல வச்சுக்கமாட்டேன்."

சாணியில் கை போனபோதுகூட அவளுக்கு இவ்வளவு அருவருப்பு வரவில்லை. அந்தத் தட்டிக்கொடுக்கிற கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுத்தமான கை, நகம் ஒழுங்காக வெட்டிய கை. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆனால் மாஸ்டர் ஸ்ட்ரெச்சர் கொண்டு வரச் சொல்லி விரட்டினார், எல்லாரும் ஓடினார்கள்.

அன்று மாலை அக்கா வீட்டில் அத்தான் கதை சொன்னார். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. முதலில் குறுக்கே வந்தவர், பிறகு குறுக்கே ஓடி வந்தவர் ஆனார். கடைசியில் அத்தான் மட்டும் சாமர்த்தியமாகக் காலை மடக்கியிருக்காவிட்டால் ஒரு உயிரே போயிருக்கும் என்று வந்து நின்றது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அத்தான் கோழிக்காலைக் கடித்து, எலும்பை உறிஞ்சி, விரல்களை ஒவ்வொன்றாக நக்கினார். உதட்டில் எண்ணெய் மினுங்கியது.

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "ரேடியோவை நீங்கதான் அடக்கி வச்சீங்க அத்தான். பொறுங்கன்னு மாஸ்டர் சொன்னது உங்க காதுல விழுந்துச்சு. நான் பக்கத்துலதான் நின்னேன்."

அத்தான் சிரிக்கப் பார்த்தார். "இவளுக்கு ஹெல்மெட்டுக்குள்ள நாத்தம் தாங்காம மூளை..."

"உங்களைப் பார்த்தாத்தான் எனக்குக் குமட்டுது" என்றாள் அவள்.

அக்கா எழுந்தாள். "என் வீட்டுல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே இப்படிப் பேசுறியா? எந்திரி. வெளிய போ."

போனாள். மறுநாளே மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மெல்லுவதை நிறுத்தினார். "கேமரால பதிவாகியிருக்கும்ல?" என்று அத்தானை ஃபோனில் கூப்பிட்டுக் கேட்டார். அழிந்துவிட்டது என்றார் அத்தான். "அப்ப நீங்களும் இனிமே வரவேண்டாம்" என்று மாஸ்டர் ஃபோனை வைத்துவிட்டார்.

பேக்கரிக்குப் போய்ச் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. பேக்கரிக்காரர் கையைத் தூளியில் கட்டிக்கொண்டு, ஒற்றைக் கையால் பன் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி மாவு பிசைந்தாள். நடந்ததைக் கேட்டதும் அவர் தட்டைக் கீழே வைத்தார்.

"நான் அவன்கிட்ட மன்னிப்பு வேற கேட்டேனே" என்றார்.

"ஆமா அண்ணா."

"அவன் விட்டுட்டேன்னு சொன்னான்."

"ஆமா."

அவர் முகம் மெல்லச் சிவந்தது. "இந்த உடம்புக்கு இதெல்லாம் ஆகாது, இன்னொருத்தர் உயிரை வாங்கப் பார்த்தியேன்னு நான் தூங்காம கிடந்தேன். இவகிட்ட, புதுசா வாங்குன ஹெல்மெட்டைக்கூட வித்துடுன்னு சொல்லிட்டேன்." மனைவியைக் காட்டினார். பிறகு, சோப்பு அதுவரை அவர் வாயில் கேட்டிராத ஒரு கெட்ட வார்த்தையைச் சொன்னார். சொன்ன பிறகு பெருமூச்சு விட்டார். "எலும்பு கூடட்டும். வர்றேன்."

அவள் முதல் உயரப் பறப்புக்குக் குன்றின் உச்சியில் நின்றது மழைக்காலத்துக்கு முன்னால். இறங்குமிடம் காலி என்று மாஸ்டர் சொன்னதும் ஓடினாள். தரை காலைவிட்டு நழுவியது. காற்று அவளைத் தூக்கி, ஆட்டி, மறுபடி தூக்கியது. கீழே கூரைகள், சாலை, அவள் போகிற பேருந்து. ஐயோ, எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் காலையில் சாப்பிட்டது அத்தனையும் மேலே வந்தது. இரண்டு கையும் பிரேக் கயிற்றுப் பிடிகளில், துடைக்க வழியில்லை. தாடைப் பட்டை, சட்டை, முழங்கால் எல்லாம் நனைந்தது. புளித்த நாற்றம் முகத்தைவிட்டு அகலவில்லை. அவள் ச்சீ, ச்சீ என்று சொல்லிக்கொண்டே, மாஸ்டர் சொன்ன இடத்தில் வலது பக்கம் திரும்பி, சொன்ன நேரத்தில் இரண்டு கையையும் கீழே இழுத்து, நின்றபடியே இறங்கினாள்.

பாராட்ட ஓடி வந்த மாஸ்டர் பாதியில் நின்று மூக்கைப் பொத்தினார். "நல்லா இறங்குனீங்க. அங்கேயே நில்லுங்க, பக்கத்துல வராதீங்க" என்றார். அவள் குழாயடியில் நெடுநேரம் நின்றாள். அடுத்த வாரமும் போனாள்.

அக்கா அதுவரை பேசவில்லை. மழை தொடங்கிய ஒருநாள், மகளின் உடைந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். சோப்பு ஃபிரேமை வாங்கி, சின்ன ஸ்குரூவைத் தேடினாள்.

"உனக்குப் பொறாமைன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறாரு" என்றாள் அக்கா.

"நீ நம்புறியா?"

"ரேடியோ கேக்கலைன்னு அன்னிக்கு அவர் சொன்னப்பவே எனக்குத் தெரியும். அவர் கேக்கலைன்னு சொன்னா கேட்டிருக்குன்னு அர்த்தம்." அக்கா குடையிலிருந்து சொட்டும் நீரைப் பார்த்தபடி பேசினாள். "இத்தனை வருஷமா தெரியும்டி."

"அப்புறம் ஏன் என்னை விரட்டுன?"

"வேற யாரை விரட்டறது? அவர்தானே வீட்டுல இருக்காரு."

சோப்புக்குக் கோபம் வந்தது. அக்காவை நினைத்தும் கொஞ்சம் அருவருப்பாக இருந்தது. அந்த ஆள் பக்கத்தில் தினமும் படுத்து எழுகிறாளே என்று நினைத்தாள். ஸ்குரூவை முடுக்கி, ஃபிரேமை மடக்கி விரித்துப் பார்த்துக் கொடுத்தாள்.

"உள்ள வந்து உக்காரு" என்றாள். "மழை விடட்டும்."

அக்கா உட்கார்ந்தாள்.